இரண்டாவது பந்து

முதல் பந்து சரியாகப் போய் நடுவில் விழுந்தது. இரண்டாவது பந்து கீழ் விளிம்பில் பட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவது பந்து சுவரையே தொடவில்லை. பாதி வழியில் தரையில் விழுந்து உருண்டு, பட்டறை மூலையில் பிள்ளைகள் கழற்றி வைத்திருந்த ஈர பூட்ஸுகளுக்கு நடுவே போய் நின்றது.

2020 ஜனவரி. மிச்சிகனில் ஒரு பள்ளிக்கூடத்துப் பட்டறை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பிளைவுட் பலகையில் திருகி நிறுத்திய இரண்டு சக்கரங்கள், இரண்டு மோட்டார்கள், பந்து வளைந்து ஏறிப் போக ஒரு பாலிகார்பனேட் தகடு. என் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய ரோபோ அணிக்கு வழிகாட்டும் பெற்றோர்களில் நானும் ஒருவன். பந்து எறியும் ஷூட்டர் பகுதி என் பொறுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு வந்திருந்தது.

எஃப்.ஆர்.சி. என்று சுருக்கிச் சொல்லும் இந்தப் போட்டியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டீன் கேமன் 1989-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு நடத்துவது. 1992-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு ஆரம்பித்தது. இன்று அமெரிக்காவில் மிச்சிகனில்தான் அதிக அணிகள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அந்த ஆண்டுக்கான விளையாட்டை அறிவிப்பார்கள். அதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது. அதன் பிறகு சில வாரங்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் குறிப்பிட்ட எடைக்குள் (2020-ல் 125 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 57 கிலோ) ஒரு ரோபோவைக் கட்டி முடிக்க வேண்டும். அதற்குச் சோறு போடுவது ஒரே ஒரு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. 2020-ல் ஒரு மேட்ச் இரண்டரை நிமிடம்.

அந்த ஆண்டு விளையாட்டில் 7 அங்குல மஞ்சள் ஃபோம் பந்துகள். ஒன்று ஏறக்குறைய 140 கிராம். தரையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் ஓர் அறுகோண ஓட்டை. அதற்குள் போட்டால் 2 புள்ளி. அதற்குப் பின்னால் 74 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, 33 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்ட ஓட்டை. அதில் விழுந்தால் 3. ரோபோ ஒரு நேரத்தில் 5 பந்துகள் வரை வைத்திருக்கலாம். ஆக, ஐந்தையும் வாங்கிக்கொண்டு ஓடி வந்து, எதிரணி ரோபோ வந்து முட்டுவதற்குள் ஐந்தையும் வரிசையாக விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு பந்தைத் துல்லியமாக எறிவது பெரிய காரியமில்லை. ஐந்தாவது பந்தும் முதல் பந்தைப் போலவே போகவேண்டும் என்பதுதான் காரியம்.

இது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிடவில்லை. மூன்று பந்துகள் மூன்று இடத்தில் விழுந்ததைப் பார்த்ததும் அறையிலிருந்த எல்லோருக்கும் தோன்றியது ஒன்றுதான்: மோட்டாருக்குச் சக்தி போதவில்லை.

உடனே வெள்ளைப் பலகையில் பட்டியல் ஏறியது. அப்போது எங்கள் கையில் இருந்தவை மூன்று வகை. ஒன்று சிம். எஃப்.ஆர்.சி. அணிகளின் பழைய நம்பிக்கைக்குரிய மோட்டார், உச்சத்தில் 337 வாட், எடை 1.27 கிலோ. பிளைவுட் பலகையில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான், காரணம் அலமாரியில் கிடந்தது அதுதான். இரண்டாவது 775 வகை. கைக்குள் அடங்கும், 364 கிராம், ஆனால் 347 வாட், நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல். மூன்றாவது நியோ. அதற்கு முந்தைய ஆண்டு, 2019-ல்தான் பிரஷ் இல்லாத, அதாவது சுற்றும் பாகத்துக்கு உரசி மின்சாரம் கொடுக்கும் கரித் துண்டு இல்லாத, மோட்டார்கள் இந்தப் போட்டிக்குள் வந்தன. நியோ 425 கிராம், 406 வாட், சுமையில்லாமல் ஓடினால் 5676 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்று.

ஒரு பையன் வாட்டை எடையால் வகுத்து ஒரு வரிசை எழுதினான். 775-ம் நியோவும் ஏறக்குறைய சமமாக முதலிடத்துக்கு வந்தன. இரண்டில் எடை குறைந்தது 775. கேட்டலாக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அதுதான் வரும். நானும் தடுக்கவில்லை. எடை மிச்சமானால், மேட்ச் முடிவில் ரோபோ கம்பியில் ஏறித் தொங்குவதற்கான பகுதிக்குக் கொடுக்கலாம் என்று எனக்கும் ஆசை இருந்தது. இரண்டு 775-களை 3-க்கு 1 என்று வேகம் குறைத்துப் பூட்டினோம்.

நான்காம் நாள் ஒன்று புகைந்தது.

நடந்தது இதுதான். முதல் பந்து வெளியேறுவதற்குள் இரண்டாவது பந்து உள்ளே நுழைந்து, இரண்டும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இறுகிவிட்டன. சக்கரம் நின்றுவிட்டது. பந்து வாங்கும் உருளைகள் சத்தமாக ஓடிக்கொண்டிருந்ததால் சக்கரம் நின்றது கன்ட்ரோலரைப் பிடித்திருந்த பையனுக்குத் தெரியவில்லை. பட்டனை அழுத்தியபடியே இருந்தான். எனக்குத்தான் முதலில் தெரிந்தது, கண்ணால் அல்ல, மூக்கால். வார்னிஷ் கருகும் அந்த நெடி. கோயமுத்தூர் கணபதியில் அப்பா வைத்திருந்த மோட்டார் வைண்டிங் கடையில் வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலிலேயே அந்த வாசனை இருக்கும். எங்கோ ஒரு தோட்டத்தில் காயில் போன மோட்டார் வந்து இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வழக்கம்போல வீடியோ காலில் பேசும்போது இதைச் சொன்னேன். மகள் அந்தச் சின்ன மோட்டாரை கேமரா முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"ஏப்பா, இதுக்குள்ள ஃபேன் இருக்குதா?" என்றார்.

"இருக்குதுங்கப்பா."

"அதே ஷாஃப்ட்டுலதான?"

"ஆமாங்கப்பா."

"அப்ப ஷாஃப்ட் நின்னா காத்து எங்கிருந்து வரும்?"

மகள் மோட்டாரின் பின்பக்க ஓட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுத்த நாள் பட்டறையில் பலகையில் ஒரு கணக்கு எழுதினாள். 775 சுற்றாமல் நிற்கும்போது 12 வோல்ட்டில் 134 ஆம்பியர் இழுக்கும் என்று அதன் விவரத் தாள் சொல்கிறது. பெருக்கினால் 1600 வாட்டுக்கு மேல். சக்கரம் சுற்றவில்லை என்றால் அத்தனையும் சூடாகத்தான் போக வேண்டும். வீட்டு இஸ்திரிப் பெட்டியே 1000 வாட்தான். அந்தச் சூடு முழுதும் 364 கிராம் உலோகத்துக்குள் இறங்குகிறது. ஒயரும் பேட்டரியும் கொஞ்சத்தைப் பங்கு போட்டுக்கொண்டாலும் சில விநாடிகளில் கதை முடிந்துவிடும். 40 ஆம்பியர் பிரேக்கர் இருந்ததே என்று கேட்கலாம். அது சூடேறித்தான் துண்டிக்கும். மோட்டார் அதற்கு முன்பே சூடேறிவிட்டது.

சிம் நின்றால் என்ன ஆகும் என்று அதற்குக் கீழேயே எழுதினாள். 131 ஆம்பியர். ஏறக்குறைய அதே வாட். ஆனால் உலோகம் 1270 கிராம், மூன்றரை மடங்கு. சிம் அடி தாங்கும் என்று பழைய அணிகள் சொல்வதன் காரணம் அந்த இரண்டு வரியில் இருந்தது. கனம் என்று நாங்கள் குறையாகச் சொன்னதுதான் அதற்குத் தாங்கும் நேரத்தைக் கொடுக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 775-ஐப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. நின்றுபோக வாய்ப்பே இல்லாத இடத்தில், காற்றோட்டத்தோடு, வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் வேலையை அது அருமையாகச் செய்யும். எத்தனையோ நல்ல ஷூட்டர்கள் அதில் ஓடியிருக்கின்றன. எங்கள் வடிவமைப்பில் பந்து சிக்குவதற்கு இடம் இருந்தது. பிழை அங்கே.

சரி, நியோவுக்குப் போவது என்று முடிவானது. காயில் அசையாத பாகத்தில் இருக்கிறது, பிரஷ் தேய்மானம் இல்லை, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கன்ட்ரோலரிலேயே ஆம்பியருக்கு எல்லை வைக்கலாம். ஆனால் எத்தனை நியோ, என்ன புல்லி என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. மறுபடியும் கேட்டலாக்கைத் திறக்கப் போனார்கள். இந்தத் தடவை நான் தடுத்தேன். பந்து எவ்வளவு சாப்பிடுகிறது என்று முதலில் பார்ப்போம் என்றேன்.

தொலைவிலிருந்து எறிவதற்குப் பந்து நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும் என்று எங்கள் சோதனையில் வந்தது. 140 கிராம் பந்து அந்த வேகத்தில் போனால் அதற்குள் 10 ஜூல் இருக்கும். பந்து சும்மா போவதில்லை, பின்புறமாகச் சுழன்றுகொண்டே போகிறது. ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் அசையாத தகடு. நடுவில் பந்து உருண்டு வருவதால் அந்தச் சுழற்சி தானாக வருகிறது. அதற்கு இன்னொரு 4 ஜூல். ஃபோம் நசுங்குவதிலும் வழுக்குவதிலும் போவதைச் சேர்த்து, ஒரு பந்துக்கு 22 ஜூல் என்று வைத்துக்கொண்டோம்.

இதே உருளலால் இன்னொன்றும் நடக்கிறது. பந்தின் வேகம் சக்கர விளிம்பின் வேகத்தில் பாதிதான். ஒரு பக்கம் ஓடுகிறது, ஒரு பக்கம் நிற்கிறது, நடுவில் இருப்பது பாதி வேகத்தில் போகிறது. ஆகவே பந்துக்கு 12 வேண்டுமென்றால் விளிம்புக்கு 24. எங்கள் 4 அங்குலச் சக்கரத்துக்கு அது 4500 ஆர்பிஎம். பிள்ளைகள் முதலில் இதை நம்பவில்லை. ஒரு பென்சிலை மேசை மேல் வைத்து, மேலே ஸ்கேலை வைத்து உருட்டிக் காட்டினேன். ஸ்கேல் இருபது சென்டிமீட்டர் போனபோது பென்சில் பத்துதான் போயிருந்தது. அப்புறம் கேள்வி வரவில்லை.

இப்போது முக்கியமான இடம். பந்து சக்கரத்தோடு ஒட்டியிருக்கும் நேரம் கண்ணிமைப்பதைவிடக் குறைவு. அந்த நேரத்துக்குள் மோட்டார் கொடுக்கக்கூடியது சொற்பம். பந்துக்கு வேண்டிய 22 ஜூலையும் ஏறக்குறைய முழுதாகக் கொடுப்பது சக்கரம், தான் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்ததிலிருந்து. எங்கள் பிளைவுட் பலகையில் இருந்தவை வெறும் ரப்பர் சக்கரங்கள். 4500 ஆர்பிஎம்மில் அவற்றில் இருந்தது 45 ஜூல் அளவுதான். ஒரு பந்து அதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சக்கரம் 3200-க்கு இறங்கியது. அது மறுபடி ஏறுவதற்குள் இரண்டாவது பந்து வந்துவிட்டது. அது மிச்சத்தில் பாதியைப் பிடுங்கியது. மூன்றாவது பந்துக்கு என்ன இருக்கும்?

இதைக் கணக்காகச் சொன்னபோது தலையாட்டியவர்கள், கைபேசியில் மெதுவாக ஓடும் வீடியோவாகப் பார்த்தபோதுதான் நிஜமாக அசந்தார்கள். சக்கரத்தின் ஓர் ஓரத்தில் வெள்ளை டேப் ஒட்டிப் படம் எடுத்தோம். பந்து நுழைந்ததும் அந்த வெள்ளைக் கோடு தடுமாறுவது, பந்து போன பிறகு சோர்ந்து சுற்றுவது, அப்புறம் மெல்ல வேகம் பிடிப்பது எல்லாம் தெரிந்தது. அதை எத்தனை முறை பார்த்தோம் என்று எனக்குக் கணக்கில்லை.

4 அங்குல விட்டத்தில் இரும்புத் தட்டு ஒன்றை லேத்தில் கடைந்து அதே ஷாஃப்ட்டில் ஏற்றினோம். சேமிப்பு 110 ஜூலுக்கு உயர்ந்தது. ஒரு பந்து ஐந்தில் ஒரு பங்கைத்தான் எடுத்தது. வேகம் பத்து சதவீதம்தான் விழுந்தது. இன்னும் கனமாகப் போடலாமே என்றார்கள். போடலாம், ஆனால் முதல் தடவை வேகம் ஏற அதிக நேரம் பிடிக்கும், எடையும் கூடும். அதோடு, எடுத்ததைத் திருப்பி நிரப்பியே ஆக வேண்டும். சக்கரம் எவ்வளவு கனமாக இருந்தாலும் பந்துக்கு 22 ஜூல் என்பது மாறாது. நொடிக்கு நான்கு பந்து விட வேண்டுமென்றால் நொடிக்கு 88 ஜூல், அதாவது 88 வாட்டை மோட்டார் விடாமல் கொடுக்க வேண்டும். சக்கரம் உண்டியல், மோட்டார் அதில் காசு போடுகிறவர். ஐந்து பந்துகளுக்கு உண்டியலும் வேண்டும், காசும் வர வேண்டும்.

88 வாட் என்று கேட்டதும் பையன்கள் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நியோவே 406 வாட் ஆயிற்றே! இரண்டு நியோ வைத்தால் எட்டு மடங்கு மிச்சம் என்று தீர்மானித்து, ஒன்றுக்கு ஒன்று என்று பூட்டினார்கள். 21 பல் புல்லி மோட்டாரில், 21 பல் புல்லி சக்கரத்தில், இரண்டும் 3டி பிரிண்டரில் அடித்தவை. சக்கர வேகமும் மோட்டார் வேகமும் சமம். சிக்கலில்லாத அமைப்பு. நிரலில் ஒரு கட்டுப்பாடும் சேர்த்தார்கள்: சக்கரம் இலக்கு வேகத்துக்கு வந்தால்தான் அடுத்த பந்தை உள்ளே விடும். பட்டன் விட்டதும் மோட்டார் பிரேக் பிடிக்காமல் சும்மா சுற்றி ஓய்வது மாதிரியும் மாற்றினார்கள். இல்லையென்றால் அந்த இரும்புத் தட்டின் வேகம் முழுதும் பெல்ட்டின் பல்லில் இறங்கியிருக்கும். பட்டறையில் ஐந்து பந்துகளும் ஒரே இடத்தில் விழுந்தன. அன்று இரவு பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது மகள் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள்.

மார்ச் முதல் வாரம் எங்கள் முதல் போட்டி. ஓர் அணிக்குப் பன்னிரண்டு தகுதிச் சுற்று மேட்ச்சுகள். முதல் இரண்டு நன்றாகப் போயின. மூன்றாவதில் எதிரணி ரோபோ ஒன்று எங்களை விலாவில் பிடித்துத் தள்ள ஆரம்பித்தது. ஓட்டுநர் தள்ளுப்படாமல் எதிர்த்து நின்றார். எறிய வாகான இடம், இலக்கு நேராக இருந்தது, ஐந்து பந்துகளும் வயிற்றில் இருந்தன. ஷூட்டர் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பந்து போனது. அதற்கப்புறம் எதுவும் நடக்கவில்லை. சக்கரம் ஓடுகிறது, சத்தம் வருகிறது, பந்து மட்டும் வெளியே வரவில்லை. மேட்ச் முடியும் மணி அடிக்கும்போது நான்கு பந்துகள் உள்ளேயே இருந்தன.

பிட்டில், அதாவது அணிகள் ரோபோவைப் பழுது பார்க்கும் இடத்தில், வந்து நின்றதும் சென்சாரைச் சந்தேகப்பட்டார்கள், நிரலைச் சந்தேகப்பட்டார்கள். அடுத்த மேட்ச்சில் நிரலின் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு எறிந்தார்கள். பந்து வந்தது, ஆனால் சுவருக்குக் கீழே விழுந்தது. ஒரு பையன் சொன்னான்: "மூன்றாவது மோட்டார் வைத்துவிடலாம். இடம் இருக்கிறது, எடையும் இருக்கிறது."

அப்பா கடைக்கு வரும் விவசாயிகளில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். கோடைக் காலத்தில் தண்ணீர் சரியாக ஏறவில்லை, அஞ்சு எச்.பி.யை எடுத்துவிட்டு ஏழரை போட்டுக் கொடுங்கள் என்பார்கள். அப்பா அவர்களை உட்காரவைத்து, தோட்டத்தில் சாயங்காலம் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று கேட்பார். பார்க்கவில்லை என்றால் டாங் டெஸ்டர் என்ற மின் அளவுக் கருவியையும் எடுத்துக்கொண்டு அவரே டிவிஎஸ் 50-யில் கிளம்பிப் போய்ப் பார்ப்பார். பம்பு மோட்டார் வேறு ஜாதி, லோ வோல்டேஜில் அது அதிக ஆம்பியர் இழுத்துக் காயிலை எரித்துக்கொள்ளும். எங்களுடையது அப்படியல்ல. ஆனால் அந்தக் கேள்வி பொருந்தியது. மகளிடம், ஓட்டுநர் லேப்டாப்பில் பதிவான பேட்டரி வோல்டேஜைத் திற என்றேன்.

வரைபடம் வந்தது. மேட்ச் தொடக்கத்தில் 12.4. எதிரணி ரோபோ தள்ளிய அந்தப் பன்னிரண்டு விநாடிகளும் 10-ஐ ஒட்டி. ரோபோவின் ஓட்டுச் சக்கரங்களுக்கான நான்கு மோட்டார்களும் எதிர்த்து முக்கியதில் பேட்டரி அவ்வளவுக்கு இறங்கியிருந்தது. அதற்குக் கீழே ஷூட்டரின் வேகக் கோடு. முதல் பந்துக்கு ஒரு பள்ளம், அப்புறம் மெல்ல மெல்ல ஏறி 4400-ல் படுத்துவிட்டது. இலக்கு 4500. சக்கரம் அங்கே போய்ச் சேரவே இல்லை. அதனால்தான் நிரல் பந்தை விடவில்லை. நிரல் சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

மகள் ஒரு அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதினாள். நியோ 12 வோல்ட்டில் சுமையில்லாமல் 5676. வோல்டேஜ் குறைந்தால் அதே விகிதத்தில் இதுவும் குறையும். 10 வோல்ட்டில் 4730. நாங்கள் கேட்பது 4500. மேலே மிச்சம் வெறும் 230. மோட்டார் தன் உச்ச வேகத்தை நெருங்க நெருங்க அதன் திருப்புவிசை குறைந்துகொண்டே போய், உச்சத்தில் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். 12 வோல்ட்டில் 4500-ல் ஓடும்போது இரண்டு மோட்டாரும் சேர்ந்து ஏட்டளவில் 500 வாட் தரும். 10 வோல்ட்டில் அதே 4500-ல் தருவது 100 வாட். பேரிங், பெல்ட் உராய்வுக்கே அதில் நல்ல பங்கு போய்விடும். பந்துக்கு வேண்டிய 88 எங்கே இருக்கிறது? 406 வாட் என்று கேட்டலாக் சொன்னது பொய்யில்லை. அது மோட்டார் தன் உச்ச வேகத்தில் பாதியில் ஓடும்போது, முழு 12 வோல்ட் கிடைக்கும்போது தருவது. நாங்கள் அந்த மோட்டாரை அதன் பலமே இல்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம்.

மூன்றாவது மோட்டார் வைத்திருந்தால் அதுவும் 4730-க்கு மேல் போகாது. அதே பேட்டரியிலிருந்துதான் அதற்கும் கரண்ட்.

"அப்படியென்றால் மோட்டாரை மெதுவாக ஓட விட்டு, புல்லியில் வேகத்தைக் கூட்ட வேண்டும்" என்றாள் மகள். மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வேகத்தைக் கூட்டினால் திருப்புவிசை குறையும், இப்போதே பலம் போதவில்லை, இன்னும் குறைத்தால் எப்படி? நியாயமான கேள்வி. பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, தப்பும் இல்லை.

நான் ஊரில் கார் தள்ளிய கதையைச் சொன்னேன். ஸ்டார்ட் ஆகாத காரைப் பின்னாலிருந்து தள்ளும்போது ஆரம்பத்தில் முழு பலத்தையும் போட முடியும். கார் வேகம் பிடிக்கப் பிடிக்க நம் கால் ஓடுவதற்கே சரியாகிவிடும். நாம் ஓடக்கூடிய உச்ச வேகத்துக்குக் கார் வந்துவிட்டால் கை காரின் மேல் இருக்கும், தள்ளு இருக்காது. அப்போது பின்னால் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தாலும் அவர்களும் கூட ஓடத்தான் முடியும். எங்கள் மோட்டார்கள் அப்படித்தான் காரோடு ஓடிக்கொண்டிருந்தன. புல்லியை மாற்றினால், கார் அதே வேகத்தில் போகும்போது நாம் நடந்துகொண்டே தள்ளுவது மாதிரி. ஒரு தள்ளின் பலத்தில் கொஞ்சம் போனாலும் தள்ளு என்று ஒன்று இருக்கும்.

அட்டையில் எண்கள் வந்தன. மோட்டாரில் 24 பல், சக்கரத்தில் 18 பல். சக்கரம் 4500-ல் சுற்ற மோட்டார் 3375-ல் ஓடினால் போதும். 10 வோல்ட்டிலும் அதன் உச்சம் 4730. நிறைய இடம் இருக்கிறது. அதே தளர்ந்த பேட்டரியில் இரண்டு மோட்டாரும் சேர்ந்து 440 வாட் அளவுக்குத் தரும். 100 இருந்த இடத்தில் 440. மோட்டார் அதேதான், எண்ணிக்கையும் அதேதான்.

அப்புறம் ஒரு சின்ன அதிர்ஷ்டம். 21-ம் 21-ம் கூட்டினால் 42. 24-ம் 18-ம் கூட்டினாலும் 42. ஷாஃப்ட்டுகளுக்கு இடையிலான தூரத்தை மாற்ற வேண்டாம், அதே பெல்ட் பொருந்தும். உதிரிப் பையில் 18-ம் 24-ம் இருந்தன. அடுத்த மேட்ச்சுக்கு நாற்பது நிமிடம். ஒரு பெண் ரோபோவுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஆலன் கீயால் திருகைக் கழற்ற, இன்னொருத்தி டார்ச் பிடிக்க, மகள் நிரலில் விகிதத்தை மாற்றினாள். பெல்ட் மாட்டியதும் விரலால் சுண்டிப் பார்த்தார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த வேலை அவர்களுடையது, தொடக் கூடாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கை துறுதுறுவென்று இருந்தது.

அன்று மதியம் இன்னொரு ரோபோ வந்து முட்டித் தள்ளியது. ஐந்து பந்துகளும் போயின. இரண்டு உள் வட்டத்தில்.

இப்போது இதே வேலைக்குப் பிள்ளைகள் கையில் இன்னும் பெரிய மோட்டார்கள் இருக்கின்றன. கிராக்கன் எக்ஸ்60 நின்ற நிலையில் 7 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தருகிறது, நியோவின் 2.6-ஐப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். வாங்க முடிந்த அணிக்கு நல்லதுதான். ஆனாலும் யாராவது புதிதாக ஷூட்டர் கட்டுகிறோம், எந்த மோட்டார் போடலாம் என்று கேட்டு எழுதினால் நான் திருப்பி மூன்று கேள்விகள்தான் கேட்கிறேன். பந்தின் எடை என்ன, எந்த வேகத்தில் போக வேண்டும்? இரண்டு பந்துகளுக்கு நடுவே எவ்வளவு நேரம்? உங்கள் மேட்ச்சின் மோசமான நொடியில் பேட்டரி எவ்வளவு காட்டுகிறது? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. பட்டறையில் சார்ஜ் ஏறிய பேட்டரியில் மட்டும்தான் சோதித்திருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் செய்திருந்தோம்.

அடுத்த போட்டிக்கு இன்னும் செய்ய வேண்டியவை என்று மகள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். சுற்றும் வேகத்தை அளக்க, சக்கர ஷாஃப்ட்டிலேயே தனியாக ஒரு என்கோடர். புதிய பந்துக்கும் பிய்ந்துபோன பழைய பந்துக்கும் தனித்தனிச் சோதனை, ஏனென்றால் ஃபோம் தேயத் தேயப் பிடிமானம் மாறி, விழும் இடமும் மாறிக்கொண்டிருந்தது. மார்ச் 12 அன்று அந்த ஆண்டுப் போட்டிகள் எல்லாவற்றையும் கொரோனாவால் நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. மறுநாள் பள்ளியும் மூடியது. ரோபோ பட்டறைக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது.

மறுபடி உள்ளே விட்டபோது மாதங்கள் கடந்திருந்தன. ஒரு நேரத்தில் நான்கு பேர்தான், எல்லோரும் முகக்கவசம். மகளுக்கு அது கடைசி ஆண்டு. 2021-ல் அணிகள் அவரவர் இடத்திலேயே செய்து பதிவு செய்யும் மாதிரி போட்டியை மாற்றியிருந்தார்கள், அதே பந்து, அதே இலக்கு. தூசி தட்டி, பேட்டரியைப் போட்டோம். வேண்டுமென்றே முழுதாக சார்ஜ் ஏறாத பேட்டரி. ஒரு பையன் ரோபோவின் முன்பக்கத்தைச் சுவரில் முட்டவைத்து ஓட்டுச் சக்கரங்களை முக்கவிட்டான். வோல்டேஜ் 10-க்கு இறங்கியதும் மகள் பட்டனை அழுத்தினாள். ஐந்து பந்துகள் சுவருக்கு மேலே பறந்து போய்ப் பின்னால் கட்டியிருந்த வலையில் விழுந்தன. யாரும் பந்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் லேப்டாப்பைச் சுற்றிக் குனிந்திருந்தோம். திரையில் வேகக் கோடு ஐந்து இடத்தில் பள்ளம் விழுந்து, ஐந்து முறையும் 4500-க்குத் திரும்பி வந்திருந்தது. மகள் ஸ்கேலைத் திரையில் வைத்து ஒவ்வொரு பள்ளத்தின் ஆழத்தையும் அளந்தாள். முதல் பள்ளத்துக்கும் ஐந்தாவது பள்ளத்துக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.